பொருநையில் வரிசை பார்ப்பவர்

தச்சநல்லூர் ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்து இறங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், விற்பனையாளர் முத்துமாலை தன் கைபேசியில் இப்படி எழுதிப் போட்டார்: "பாமாயில் வந்தாச்சு. துவரம்பருப்பு நாளைக்கு. ரேகை விழாதவங்க மத்தியானத்துக்கு மேல வாங்க, மெஷின் அப்பதான் கொஞ்சம் சொல்பேச்சு கேக்கும்."

பத்து நிமிடத்துக்குள் யாரோ அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தார். யாரென்று பார்த்தால், நார்வே நாட்டில் ஒரு மீன் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தமிழர்.

"நார்வேயா?" என்று எடை போடும் இன்பமணி தராசை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "அவுகளுக்கு எந்தக் கடையில கார்டு, முத்து?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். முத்துமாலையும் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு சுலபமாக வரும். நாற்பத்தாறு வயதுப் பெண். பதினெட்டு வருடமாக அதே கடை. வரிசையில் யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் முன்னால் வந்து கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார், யார் அடுத்தவர் பையைத் தன் பை என்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குரலை உயர்த்தாமலே சண்டையை நிறுத்துவார் என்று அந்தப் பக்கத்தில் பெயர்.

கடைச் செய்தியைக் கைபேசியில் போடும் பழக்கம் அவருக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் தொடங்கியது. அங்கே காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் பருப்புச் செய்தி காணாமல் போனது. பிறகு உலகமே புழங்கும் பெரிய தளம் ஒன்றில் ஒரு பக்கம் தொடங்கினார். அறுநூறு பேர் சேர்ந்தார்கள். ஒருநாள் காலை அந்தப் பக்கம் இல்லை. 'எங்கள் விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. எந்த விதி, யார் நீக்கியது, யாரிடம் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. நான்கு முறை முறையீடு அனுப்பினார். நான்கு முறையும் அதே வரிதான் திரும்பி வந்தது.

"ஒரு மனுசன் பேரையாவது சொல்லக் கூடாதா? நான் போயி அங்கனயே நின்னு கேப்பேன்லா" என்று இன்பமணியிடம் புலம்பினார்.

இந்தப் புலம்பலைக் கேட்டவர் ஹெப்ரான். ரேஷன் கடைக்கு இரண்டு கடை தள்ளி கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர், முப்பத்து மூன்று வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். ஆற்றோரத்து ஊர்க்காரர்களுக்காக அவர் ஒரு சின்ன சமூக வலைத்தளம் நடத்திக்கொண்டிருந்தார். தாமிரபரணியின் பழைய பெயரை வைத்து அதற்குப் 'பொருநை' என்று பெயர். அப்போது அதில் மொத்தம் அறுபத்தொரு பேர்.

"எக்கா, நீங்க இங்க வாங்க. இது ஒரே கம்பெனி கையில இருக்கிற தளம் இல்ல. உலகம் பூரா இது மாதிரி ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன சர்வர் இருக்கு. ஒவ்வொண்ணும் தனி. ஆனா எல்லாரும் எல்லாரோடயும் பேசிக்கிடலாம். ஒரு பொது நெறிமுறை இருக்கு, அது என்னன்னா..."

"தம்பி, நில்லு. ஓனர் யாரு?"

"மொத்தத்துக்கும் ஓனர்னு யாரும் கிடையாதுக்கா."

"ஓனர் இல்லாத கட எங்கன இருக்கு?"

ஹெப்ரான் கால் மணி நேரம் விளக்கினார். வெள்ளைத்தாளில் வட்டம் வட்டமாக வரைந்து கோடு இழுத்தார். முத்துமாலை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இரு. எங்க ஊரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா மாதிரியா? எங்க கொடைய எங்க ஊருதான் நடத்துது. பக்கத்து ஊரு கொடைய அவுக நடத்துதாவ. எல்லாக் கொடைக்கும் சேத்து மெட்ராசுல ஒரு ஆபீசு இல்ல. ஆனா நாங்க அங்க போவோம், அவுக இங்க வருவாவ."

ஹெப்ரான் பேனாவைக் கீழே வைத்தார். "நான் மூணு வருசமா இத விளக்குதேன்க்கா. ஒருத்தருக்கும் புரியல. நீங்க சொன்னது எனக்கே இப்பத்தான் புரியுது."

அப்படித்தான் முத்துமாலை பொருநைக்கு வந்தார். நார்வேக்காரரும் அவருடைய சர்வரிலிருந்து, ஊர் ஞாபகத்தில், தச்சநல்லூர் பாமாயிலை விசாரிக்க ஆரம்பித்தார்.

ஆறு மாதத்தில் அறுபத்தொன்று முந்நூற்று நாற்பதானது. ஆட்கள் கூடியதும் சண்டையும் கூடியது. ஒருநாள் கால்வாயில் யார் ஊர்க் கழிவுநீர் கலக்கிறது என்று ஆரம்பித்த வாக்குவாதம், நான்காவது பதிலில் சாதிப் பெயருக்கு வந்து நின்றது. ஹெப்ரான் கடையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் முத்துமாலை தன் பாட்டுக்கு அந்த வாக்குவாதத்தின் கீழே எழுதினார்: "அண்ணாச்சி, தண்ணியப் பத்தி நீங்க சொன்னது சரிதான். ஆனா வீட்டுக் கார்டுல சாதி எழுதல, எங்க கட வரிசையிலயும் நான் கேக்கது இல்ல. இங்கனயும் அது வேண்டாம். அத மட்டும் மெல்ல எடுத்துட்டு, மிச்சத்த எழுதுங்க. தண்ணி விசயம் எல்லாருக்கும் வேணும்."

பெயர் தெரியாத அந்த அண்ணாச்சி இருபது நிமிடத்தில் தன் பதிவைத் திருத்தினார். மறுநாள் கால்வாயின் படமும் போட்டார்.

அன்று மாலை ஹெப்ரான் கடைவாசலில் வந்து நின்றார். "எக்கா, நீங்க மட்டுறுத்துநரா இருக்கணும்."

"மட்டு... என்னது?"

"மட்டுறுத்துநர். யாரு என்ன எழுதுதாங்கன்னு பாத்து, விதிய மீறினா மறைக்கணும், எச்சரிக்கணும், ரொம்பப் போனா வெளிய அனுப்பணும்."

"அதான காலையில ஒம்பது மணியிலேர்ந்து செய்யுதேன்" என்றார் முத்துமாலை. "பேருதான் வாயில நுழைய மாட்டேங்குது. வரிசை பாக்கவன்னு வச்சுக்கிடு."

பொருநையில் அவருடைய பெயருக்குக் கீழே அன்று முதல் 'வரிசை பார்ப்பவர்' என்று இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பத்துப் பதினைந்து உறுப்பினர்கள் ஹெப்ரான் கடையில் கூடி விதிகளை எழுதினார்கள். முதலில் பதினாறு விதி வந்தது. முத்துமாலை வாசித்துவிட்டு, "இத்தனையும் எனக்கே ஞாபகம் இருக்காது" என்றார். வெட்டி வெட்டிக் கடைசியில் மூன்றாக நின்றது. சாதி, மதம் சொல்லி யாரையும் இழிவாகப் பேசக் கூடாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது. அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்காமல் போடக் கூடாது. வந்தவர்களுக்கு இன்பமணி வீட்டிலிருந்து உளுந்தவடை வந்தது. விதிகளைவிட வடைக்குத்தான் பாராட்டு அதிகம்.

கார்த்திகை மாதம் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கடையில் சீனி அளந்துகொண்டிருந்தபோது, வரிசையின் நடுவில் ஒரு சத்தம். ஒரு பெண் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். செந்நிற வெள்ளம் ஒரு பெரிய கட்டுமானத்தைப் பிளந்துகொண்டு பாய்கிறது. மேலே எழுத்து: 'மணிமுத்தாறு அணை உடைந்தது. நெல்லைக்கு இன்னும் இரண்டே மணி நேரம்!'

பாதி வரிசை பையைப் போட்டுவிட்டு ஓடியது.

முத்துமாலை பொருநையைத் திறந்தார். அங்கேயும் அதே படம். 'முழக்கம்' என்ற வேறொரு சர்வரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதில் ஒன்பதாயிரம் பேர். நாற்பது கணக்குகள் மாறி மாறி அதையே பரப்பின. முத்துமாலை முதலில் செய்தது ஒரு போன். அழைத்தது காசிலிங்கத்தை. மணிமுத்தாறு அணைக்குக் கீழே வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். தினமும் காலையில் அணையின் நீர்மட்டத்தைப் பொருநையில் போடுவது அவர்தான்.

"அண்ணாச்சி, அணை எப்படி இருக்கு?"

"அதப் பாத்துக்கிட்டுதான நிக்கேன். அது பாட்டுக்கு இருக்கு. ஏன் கேக்க?"

"உடைஞ்சுட்டுன்னு படம் போடுதாவ."

"எந்தக் கோட்டிக்காரப் பய போட்டான்? இரு, இப்ப அனுப்புதேன்."

இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. கையில் கருங்குடை, தலையில் துண்டு, முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் மழைத்திரைக்குள் அணை முழுசாக நிற்கிறது. கீழே அவரே எழுதியிருந்தார்: 'அணையும் இருக்கு. நானும் இருக்கேன்.'

முத்துமாலை அதை எல்லாருக்கும் மேலே வரும்படி வைத்தார். கடைச்சுவரில் சாய்ந்து நின்ற பெண்கள் அந்தக் குடையைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பயந்து ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். பொய்ப் படம் இரண்டு வருடம் முன்பு வேறொரு நாட்டில் எடுத்தது என்று ஹெப்ரான் கண்டுபிடித்துப் போட்டார்.

ஆனாலும் முழக்கத்திலிருந்து புதுப்புதுப் பெயர்களில் அது வந்தபடியே இருந்தது. ஹெப்ரான் போன் செய்தார். "எக்கா, 'அணை'ங்கிற சொல்லு வார பதிவையெல்லாம் நிறுத்தி வைக்க வழி இருக்கு. நாம பாத்துட்டு ஒவ்வொண்ணா விடலாம். வச்சுரட்டா?"

"வையி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் முத்துமாலை.

திரும்பி வந்த கூட்டத்துக்குச் சீனி போட வேண்டியிருந்தது. மழையில் மெஷினுக்கு ரேகையே தெரியவில்லை. ஒவ்வொருவர் விரலையும் துடைத்துத் துடைத்து வைத்ததில் நாற்பது நிமிடம் போனது தெரியவில்லை. அப்போதுதான் காசிலிங்கம் கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் போட்டது ஒருத்தருக்குமா தெரியல? ரெண்டு மணிக்கு அணையிலேர்ந்து உபரித் தண்ணி விடுதாங்களாம். இங்க மைக்குல சொல்லிட்டுப் போனாவ. ஆத்துல மாடு கன்னு நின்னா மேல ஏத்துங்கன்னு போட்டேன். ஒரு பதிலும் இல்லையே?"

காசிலிங்கம் எழுதியதிலும் 'அணை' என்ற சொல் இருந்தது. உண்மையான எச்சரிக்கை, முத்துமாலையே வைக்கச் சொன்ன தடையில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடமாகக் காத்திருந்தது.

சீனி அளவையை அப்படியே வைத்துவிட்டு அதை விடுவித்தார். தடையை எடுக்கச் சொன்னார். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் என்று தெரிந்த பதினோரு பேருக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். இன்பமணி மறுபேச்சில்லாமல் மெஷின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நல்லவேளை, கரையோரமெல்லாம் ஒலிபெருக்கி வண்டி முன்பே போய்விட்டிருந்தது. இரண்டு மணிக்குத் தண்ணீர் திறந்துவிட்டபோது ஆற்றில் ஆளும் இல்லை, மாடும் இல்லை. மூன்று மணிக்கு அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் முத்துமாலை காலையில் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு எழுதினார்: "இன்னைக்கு ஒரு தப்பு நடந்துட்டு. பொய்ய நிறுத்த நான் வச்ச தடையில உண்மையும் மாட்டிக்கிட்டு. காசிலிங்கம் அண்ணாச்சியோட எச்சரிக்கை நாப்பது நிமிசம் யாருக்கும் தெரியல. தடை வைக்கச் சொன்னது நான். வச்சுட்டுப் பாக்காம விட்டதும் நான். மன்னிக்கணும்."

நிறையப் பேர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. மேலப்பாளையத்தில் பெண்களுக்கான தையல்கடை வைத்திருக்கும் ஹமீது பீவி. "மன்னிப்பு சரி. ஆனா எதக் காட்டணும் எத மறைக்கணும்னு முடிவு பண்ண உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? என் தங்கச்சி வீடு அம்பாசமுத்திரத்துல ஆத்தங்கரையில இருக்கு. காலையிலேர்ந்து இதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இன்பமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "எவ்வளவு வாயி! தூக்கி வெளிய போடு முத்து."

"அவ கேட்டதுல என்ன தப்பு?" என்றார் முத்துமாலை. "எனக்கு அதிகாரம் குடுத்தது ஹெப்ரான். ஹெப்ரானுக்கு யாரு குடுத்தா? அவன்கிட்ட மெஷின் இருந்துது, அவ்வளவுதான். அந்தப் பெரிய தளத்துக்காரன் என் பக்கத்த எடுத்தப்ப நானும் இதத்தான கேட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி மேலப்பாளையம் போனார். அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் ஹமீது பீவி முதலில் நினைத்தாராம். கையில் பிடித்திருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கவேயில்லை.

"நான்தான் முத்துமாலை. நீங்க கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. அதான் நேருலயே வந்துட்டேன்."

ஹமீது பீவி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ரெண்டு டீ போடுங்க." முத்துமாலை பக்கம் திரும்பி, "உக்காருங்க மைனி. கேள்வி கேட்டவளத் தேடி வந்த ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

டீ இரண்டு தரம் வந்தது. முத்துமாலை எழுந்தபோது அவருக்கு ஒரு ரவிக்கை தைக்க அளவும் எடுத்திருந்தார்கள், பொருநைக்கு ஒரு புது ஏற்பாடும் முடிவாகியிருந்தது. எந்தப் பதிவை மறைத்தாலும், ஏன், யார் மறைத்தது என்று எல்லாரும் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். மறைக்கப்பட்டவர் முறையிட்டால், மறைத்தவர் அதைப் பார்க்கக் கூடாது, வேறொருவர்தான் பார்க்க வேண்டும். வரிசை பார்ப்பவர்களை ஆண்டுக்கொரு முறை உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹெப்ரான் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்து கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாக்களித்தார்கள். முத்துமாலையும் ஹமீது பீவியும் தேர்வானார்கள். இன்பமணி யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

முழக்கத்தின் விவகாரம் அப்படியே கிடந்தது. அதை நடத்துகிறவருக்கு முத்துமாலை மூன்று கடிதம் எழுதினார். அந்த நாற்பது கணக்குகளின் பெயரையும், அவை போட்ட பொய்யையும் வரிசையாக எழுதி, கொஞ்சம் கண்டியுங்கள் என்று கேட்டார். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: 'எங்கள் சர்வர், எங்கள் சுதந்திரம்.'

"அப்ப நம்ம சர்வர், நம்ம சுதந்திரம்" என்றார் ஹமீது பீவி. "மொத்தமா அறுத்து விட்டுருவோம். அங்கேயிருந்து ஒரு எழுத்தும் இங்க வரக் கூடாது."

உறுப்பினர்களில் பெரும்பாலானவர்களும் அதையே சொன்னார்கள். முத்துமாலைக்கு மட்டும் ஒரு உறுத்தல். முழக்கத்தில் நித்யா என்று ஒரு செவிலியர் இருந்தார். அம்பாசமுத்திரத்து மருத்துவமனையில் வேலை. யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் அவர் போடும் இரண்டு வரியைப் பார்த்து, பொருநையிலிருந்து மட்டும் அந்த வருடம் பத்தொன்பது பேர் போய்க் கொடுத்திருக்கிறார்கள். முதலில் கண்ணில் பட்ட சர்வர் அது என்பதால் அங்கே சேர்ந்தவர். தொடர்பை அறுத்தால் அவரும் அறுந்துபோவார்.

"நாப்பது பேருக்காக ஒன்பதாயிரம் பேர வெளிய நிப்பாட்டணுமா?" என்று ஹெப்ரானிடம் கேட்டார்.

"அவங்க வீடு மாறலாம்க்கா. இங்க ஒரு கணக்குத் தொடங்கி, அங்கயிருந்து மாறுதேன்னு சொன்னாப் போதும். அவங்களப் பின்தொடருத ஆளுங்கள்லாம் தானா கூடவே வந்துருவாங்க. பழைய பதிவு மட்டும் அங்கயே கிடக்கும். ஆனா ஒண்ணு, நாம அறுத்து விட்டதுக்கப்புறம் அப்படிக் கூட்டிட்டு வர முடியாது. முதல்லயே வரணும்."

"அப்ப எட்டு நாள் தவணை குடுப்போம்."

எட்டு நாளும் முழக்கத்தின் பதிவுகள் யாரும் தேடிப் போனால் மட்டும் தெரியும்படி மட்டுப்படுத்தி வைத்தார்கள். முத்துமாலை அங்கே இருந்த ஆற்றோரத்துக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடி எழுதினார். நித்யாவுக்கு எழுதியபோது உடனே பதில் வந்தது.

"அக்கா, மாறுனா நான் சேத்து வச்ச ஆளுவல்லாம் போயிருவாவளே? ரெண்டாயிரம் பேரு. அதுல பாதிப் பேரு ரத்தம் குடுக்குற ஆளுவ."

"ஒருத்தரும் போக மாட்டாவ. ஹெப்ரான் பக்கத்துல இருந்து செஞ்சு தருவான். நீ ஞாயித்துக்கெழம வா."

நித்யா வந்தார். தனியாக வரவில்லை. இரவுப் பணி முடித்த கையோடு நான்கு செவிலியர்களைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே ஹெப்ரான் கடை வாசலில் நின்றார். ஹெப்ரான் பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்தார். பத்து மணிக்குச் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரும், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு மில் தொழிலாளியும் வந்தார்கள். கைபேசியிலேயே செய்யக்கூடிய வேலைக்கு ஏன் பஸ் பிடித்து வந்தார்கள் என்று கேட்டதற்கு, "அந்தக் கருங்குட அண்ணாச்சியப் பாக்கலாம்னு வந்தோம்" என்றார்கள். காசிலிங்கமும் அவர்களை ஏமாற்றவில்லை. இரண்டு தார் ரஸ்தாளியோடு மதியம் வந்து இறங்கினார்.

நித்யா பொத்தானை அழுத்தினார். திரையில் எண் ஏறத் தொடங்கியது. ஏழு, முப்பது, இருநூறு. எல்லாரும் நாற்காலியைச் சுற்றிக் குனிந்து நின்று, பஸ்ஸில் ஆள் ஏறுவதை எண்ணுவது போல எண்ணினார்கள். ஆயிரம் தாண்டியதும் ஹமீது பீவி விசிலடித்தார். ஹமீது பீவிக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அவர் தங்கைக்கே தெரிந்தது.

எட்டு நாளில் நூற்று முப்பத்திரண்டு பேர் வீடு மாறினார்கள். ஒன்பதாம் நாள் காலை தொடர்பை அறுத்தார்கள். காரணத்தையும், எத்தனை பேர் ஆதரித்து வாக்களித்தார்கள், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதையும் பொதுப் பக்கத்தில் எழுதினார்கள். முத்துமாலை கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "அவுக திருந்தினா மறுபடி பாப்போம்."

இந்தச் சேதி பரவி, நகரத்து நூலகம் ஒன்றில் வாசகர் வட்டக்காரர்கள் பேசக் கூப்பிட்டார்கள். ஹெப்ரான் படமெல்லாம் தயாரித்துக்கொண்டு போனார். முதல் ஐந்து நிமிடத்திலேயே முன்வரிசையில் ஒருவருக்குக் கண் செருகியது. முத்துமாலை எழுந்து மைக்கை வாங்கினார். கொடைக் கதையைச் சொன்னார். கேள்விகள் வர ஆரம்பித்தன.

"அப்ப கெட்டவன் தனியா ஒரு சர்வர் வச்சுக்கிட மாட்டானா?" என்றார் ஓர் ஓய்வுபெற்ற எழுத்தர்.

"வச்சுக்கிடுவான் அண்ணாச்சி. அதத் தடுக்க நம்மால முடியாது. நம்ம பந்தலுக்குள்ள வரவிடாம இருக்க முடியும்."

"நீங்க நல்லவங்கன்னு நாங்க எப்படி நம்புதது?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார்.

"நம்ப வேண்டாம்மா. நாங்க மறைச்சது எல்லாம் ஒரு பக்கத்துல இருக்கு. வாசிச்சுப் பாரு. பிடிக்கலன்னா உன் ஆளுவளக் கூட்டிக்கிட்டு வேற வீட்டுக்குப் போ. போறப்ப நாங்க கதவடைக்க மாட்டோம்."

கண் செருகியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுல மீன் விலை வருமா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க நேரமானது. மறுவாரத்திலிருந்து மீன் விலையும் வந்தது. அவரேதான் போடுகிறார்.

இப்போது பொருநையில் ஆயிரத்து நானூறு பேர் இருக்கிறார்கள். இதற்குமேல் வேண்டாம் என்று உறுப்பினர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஆள் அதிகமானால் முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் வரிசை பார்க்க முடியாது என்பது முத்துமாலையின் கட்சி. வருகிறவர்களுக்குத் தனி சர்வர் தொடங்க ஹெப்ரான் உதவி செய்கிறார். அப்படிப் பிரிந்து போனதில் முதல் ஆள் ஹமீது பீவி. மேலப்பாளையத்துப் பெண்களுக்கென்று தனியாக ஒன்று தொடங்கினார். தையல், சமையல், பிள்ளைகள் படிப்பு, வீட்டு வைத்தியம் என்று அது ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. விதிகளை அவர்களே எழுதினார்கள். வடை மட்டும் இன்பமணி வீட்டிலிருந்து போனது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் பொங்கல் தொகுப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். வாசலில் கரும்புக் கட்டோடு நின்ற வரிசை அழகாக இருந்தது. முத்துமாலை ஒரு படம் எடுத்து, மேலப்பாளையத்துத் தோழிகளும் பார்க்கட்டும் என்று ஹமீது பீவியின் சர்வருக்கும் போகும்படி போட்டார். அரை மணி நேரத்தில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது.

'வணக்கம். எங்கள் இடத்தில், கேட்காமல் பெண்கள் முகம் தெரியும் படம் போடுவது விதிமீறல். ஆகவே உங்கள் படம் எங்கள் பக்கம் மறைக்கப்பட்டுள்ளது. காரணம் பொதுப் பக்கத்தில் உள்ளது. முறையீடு இருந்தால் வேறொருவர் பார்ப்பார். இப்படிக்கு, வரிசை பார்ப்பவர், ஹமீது பீவி.'

அதற்குக் கீழே தனியாக இன்னொரு வரி: 'மைனி, கோவிச்சுக்கிடாதிய.'

முத்துமாலை அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என்னவென்று கேட்ட இன்பமணிக்குக் கைபேசியை நீட்டினார்.

"உன்னையவே மறைச்சுட்டாளா!" இன்பமணி வாயைப் பிளந்தார். "நீ என்ன செய்யப் போற? முறையீடா?"

"எதுக்கு? அவ சொன்னது சரிதான. நான் கேக்காமத்தான எடுத்தேன்." முத்துமாலை அந்தப் படத்தை அழித்துவிட்டு வெளியே வந்தார். வரிசையின் முன்னால் போய் நின்று, நன்றாகக் கேட்கும்படி சொன்னார்: "ஒரு படம் எடுக்கட்டுமா? வேண்டாம்ங்கிறவங்க இந்தப் பக்கம் வந்துருங்க. மத்தவங்க கரும்ப நல்லா உசத்திப் பிடிங்க."

நான்கு பேர் நகர்ந்து வந்து அவர் பின்னால் நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கரும்பைத் தூக்கிப் பிடித்தார்கள்.